மயோர்காவில் எட்டுப் பேருக்குச் சைக்கிள்

இருக்கை உயரம் எவ்வளவு என்று கேட்டால் மில்லிமீட்டர் பிசகாமல் சொல்வார்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் சைக்கிள் கிளப்பின் லட்சணம் இதுதான். ஒவ்வோர் ஏப்ரலிலும் எட்டுப் பேர் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போகிறோம். பதினொரு வருடமாக அதற்கு ஏற்பாடு செய்கிற பாவி நான்.

இந்த வருடப் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழையில் நாற்பது மைல் ஓட்டிவிட்டு, வழக்கமான காபிக் கடையில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தோம். தீவில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்கு அன்று மாலை ஆறு மணிக்குள் எல்லாருடைய விவரப் படிவமும் போய்ச் சேர வேண்டும். இவர்களோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“முதல் நாளே ச கலோப்ரா போயிடலாம். கால் புதுசா இருக்கும்” என்றான் ட்ரெவர். மலை மேலிருந்து கடல்வரை பத்து கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கி, அதே வழியில் திரும்ப ஏற வேண்டிய சாலை அது. அதை ஏறிய நேரத்தை இவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

“முதல் நாளா? ஆள விடுப்பா. வியாழக்கிழமை வெச்சுக்கலாம்” என்றாள் ஃபியோனா.

“வியாழக்கிழமை காத்தடிக்கும்.”

“ஏப்ரல் மாசக் காத்துக்கு இப்பவே ஜோசியம் சொல்றியா நீ?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “ட்ரெவர், உன் பாஸ்போர்ட் பேரு இன்னும் வரலை. இப்படியே போனா நீ மான்செஸ்டர் ஏர்போர்ட்டத் தாண்ட மாட்டே. அப்புறம் காத்தடிச்சா உனக்கென்ன, அடிக்காட்டி உனக்கென்ன?”

“என்னையே திட்டு. உன் ஆளு மட்டும் குடுத்துட்டானாக்கும்?”

சுருக்கென்றது. என் கணவன் மால்கமின் படிவம் மட்டும் இரண்டு வாரமாக வெறுமையாகக் கிடந்தது. கேட்டால் “நாளைக்கு” என்பான்.

செப்டம்பரில் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது மால்கம் சைக்கிளோடு சாய்ந்தான். மாரடைப்பு. வழக்கம்போல அவன் முன்னால் போய்விட்டிருந்தான்; நான் கால் மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். யாரோ ஒரு பால்காரர் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “கம்ப்யூட்டர நிறுத்தினியா?” கைப்பிடியில் மாட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் சராசரி வேகம் குறைந்துவிடுமாம். அன்று அவனை நானே கொன்றிருப்பேன்.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். புத்தாண்டுக்குப் பிறகு டாக்டர், மெதுவாக ஓட்டலாம் என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களோடு வராமல் தனியாகப் போய்வருகிறான். என் வேகத்துல போறேன், யாரும் தொணதொணக்க வேண்டாம் என்றான். விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மால்கம் கராஜில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு தூரம் போனே?”

“முப்பது மைல் இருக்கும்.”

“படிவம்?”

“நாளைக்கு.”

“நாளைக்குன்னா கடைக்காரன் உனக்கு மூணு சக்கர வண்டிதான் வெச்சிருப்பான்!”

அவன் சிரிக்கவில்லை. சரி, நானே நிரப்பிவிடுகிறேன் என்று சமையலறையில் மடிக்கணினியைத் திறந்தேன். வேகமான குழு, மெதுவான குழு என்று பிரிக்க ஒவ்வொருவரின் குளிர்காலச் சராசரி வேகமும் வேண்டும். அந்தப் பெட்டி பதிவு செய்வதெல்லாம் போய்ச் சேரும் மால்கமின் இணையக் கணக்குக்குள் போனேன். முப்பது வருடமாக அவனுக்கு ஒரே பாஸ்வேர்டு.

ஜனவரியிலிருந்து ஏழு ஞாயிறு. ஏழிலும் வரைபடத்தில் ஒரே கோடு. எங்கள் தெருவிலிருந்து கால்வாய்ப் பாலம் வரை, அங்கிருந்து திரும்ப வீடு. போக வர மொத்தம் ஒரு மைல். ஓட்டிய நேரம் ஆறு நிமிடம். நின்ற நேரம் இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

வேறு எவனாவது பெண்டாட்டியிடம் பொய் சொல்லக் கிளம்பினால் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போவான். எங்கள் கிளப்பில் பெட்டியை அமுக்காமல் ஒருத்தனுக்கும் காலைத் தூக்கிப் போடத் தெரியாது. ஏழு வாரப் பொய்யையும் ஒழுங்காகத் தேதி போட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறான் என் மடையன்.

கராஜுக்குப் போய் மடிக்கணினியை அவன் முன்னால் நீட்டினேன். பார்த்தான். துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“மழையிலயுமா மால்கம்? மூணு மணி நேரம் அந்தப் பாலத்துக்கடியிலயா உக்காந்திருந்தே?”

“பெஞ்சு இருக்கு.”

“பெஞ்சு இருக்கா! ரொம்ப சந்தோஷம்! டாக்டர் ஓட்டலாம்னு சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரு. பாலத்துக்கு அப்பால மேடு, ஜானிஸ். அங்க மூச்சு வாங்குது. மூச்சு வாங்கினா அன்னிக்கு மாதிரியே இருக்கு. கால் தானா தரையில எறங்கிடுது.” துணியை இன்னொரு முறை மடித்தான். “பயமா இருக்கு.”

முப்பத்திரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? மயோர்கா போய் என்ன பண்றதா இருந்தே?”

“வயித்து வலின்னு சொல்லி ரூம்ல படுத்துக்கலாம்னு.”

“ஏழு நாளுமா?”

“ஆறு நாள். ஒரு நாள் முயற்சி பண்ணலாம்னு நெனச்சேன்.”

“போக வேண்டாம். ரத்து பண்ணிடறேன். அந்த ட்ரெவர் காத்தையும் மலையையும் அவனே கட்டிக்கிட்டு அழட்டும்.”

“எனக்குப் போகணும்” என்றான். சின்னப் பிள்ளை மாதிரி இல்லை, பிடிவாதமாகவும் இல்லை. வெறுமனே சொன்னான். “அது இல்லாம நான் என்ன பண்ணுவேன்?”

கராஜின் தகரக் கூரையில் மழை கொட்டியது. மணி நான்கரை.

“அங்க ரெண்டு பேர் மிதிக்கற சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா?” என்று கேட்டான்.

காதை நம்ப முடியவில்லை. அந்த மாதிரி சைக்கிள் எதிரே வந்தால், விவாகரத்து வண்டி வருது, வழி விடுங்க என்று கத்துகிறவன் இவன்.

“கிடைக்கும். முன்னாடி உக்காந்தவங்க கையிலதான் ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம். பின்னாடி உக்காந்தவங்க வெறும் மிதிதான். கல்யாணமான நாள்லருந்து உன் முதுகைப் பாத்துத்தான் ஓட்டறேன். அங்கயும் வந்து அதையே பாக்கணுமா நான்?”

“நீ முன்னாடி உக்காரு.”

“என்ன?”

“நீ முன்னாடி. உன் மிதியும் என் மிதியும் சேந்துதான் சுத்தும்.” என்னைப் பார்க்காமல், ஏற்கெனவே பளபளத்த சங்கிலியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “நான் மிதிக்கறத விட்டேன்னா உன் காலுக்கு உடனே தெரிஞ்சிடும். திரும்பிப் பாக்கக்கூட வேண்டாம்.”