சவரிராஜ் வீட்டு அஞ்சாவது பீர்

அந்த ஊர்ல வீட்டுல காய்ச்சுற பீருக்கு எட்டு நாளைக்குள்ள பழவாசனை ஏறலன்னா, அது வீட்டை விட்டுப் போயிடும். டிரம்மு தானே மூடியை அழுத்திக்கிட்டு, வாசப்படிய நிதானமா இறங்கி, தெருமுனை திரும்பிடும். யாரும் தடுக்கிறது இல்ல.

சவரிராஜ் வீட்லேருந்து நாலு பீர் போயாச்சு. மூணாவது போனப்ப அவன் பொண்டாட்டி பிலோமினாவும் கூடவே கிளம்பிட்டா. அவ துணிப்பையை பீர்தான் தூக்கிக்கிட்டுப் போச்சு.

இப்ப அஞ்சாவது. அடுக்களை மூலையில அது குபுக் குபுக்குனு நுரைக்கிற சத்தம்தான் அவனுக்கு மிச்சமிருந்த பேச்சுத்துணை. வேலை விட்டு வந்ததும் அதுக்கு எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவான். இதுவும் போச்சுன்னா அந்த வீட்டுல அவன் மூச்சு மட்டுந்தான் கேக்கும். அதை அவன் ஒருதடவை கேட்டுப் பாத்திருக்கான்.

ஆறாம் நாள், தோலைச் சீவி பீருல போட கமலா ஆரஞ்சு ரெண்டு வாங்கப் போனான்.

"மேல்தோலை மட்டும் சீவுங்கண்ணே. உள்ள இருக்கிற வெள்ளை சேந்தா கசந்துரும்," பழக்கடை அஞ்சலை சொன்னா. "வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டு."

"எங்கிட்ட என்ன வேணா சொல்லுங்க. பழம் எண்ணிப் பாக்கும்."

அங்க வழக்கம் அப்படி. சீவுறதுக்கு முன்னாடி பழத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒருவேளை சாப்பிடணும். ரெண்டு பேர் இருக்கிற வீடுன்னு தெரிஞ்சாத்தான் அது வாசனை விடும்.

சவரிராஜ் ரெண்டு தட்டு வச்சான். ஒரு தட்டுல சாப்பிட்டான். உள்ள போயி வேற சட்டை மாட்டிக்கிட்டு வந்து, குரலை மாத்தி, "குழம்புல உப்பு கம்மி"ன்னு சொல்லிட்டு இன்னொரு தட்டுல உக்காந்தான். பழம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சீவினப்ப மெழுகுவத்திய சீவின மாதிரி இருந்துச்சு. ஒரு வாசனையும் இல்ல.

எட்டாம் நாள் காலையில மிச்சமிருந்த பழத்தை டிரம்மு மூடி மேல வச்சுட்டு, அடுத்த தெருவுக்குப் போனான். பிலோமினா கதவை முழுசாத் திறக்கல. பின்னாடி மூணாவது பீர் பனியன் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

"ஒருவேளை சாப்பாட்டுக்கு மட்டும் வந்துட்டுப் போயேன்."

"நான் வந்தா இதை யாரு பாத்துக்கிறது?"

"அரைமணி நேரம். எண்ணிக்கைக்குத்தான்."

"நான் பதினோரு வருஷம் அங்க இருந்தேங்க. அப்பவும் பழம் ஒரு ஆளுன்னுதான எண்ணுச்சு?"

அவ கொஞ்சநேரம் பாத்தா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு கதவைச் சாத்திட்டா.

திரும்பி வந்தப்ப தெருவுலயே ஆரஞ்சு வாசனை தூக்குச்சு. அவன் ஓடல. உள்ள போனா, பழம் தோலைக் கழட்டி ஒழுங்கா மடிச்சு வச்சிருந்துச்சு. பீர் பொன்னிறமா தெளிஞ்சு இருந்துச்சு.

"நீங்க போனதும் எண்ணிப் பாத்தோம்," பழம் மரியாதையா சொல்லுச்சு. "நானும் இவரும் ரெண்டு பேரு. சரியா இருக்கு."

"அப்ப நான்?"

"நீங்க போனப்புறந்தான் வாசனையே வந்துச்சு."

பீரைப் பாத்தான். ரெண்டு மாசத்துல மத்த நாலும் போனப்ப ஒண்ணும் திரும்பிப் பாக்கல. இது அவனையே பாத்துக்கிட்டு, குபுக்குன்னு ஒரேயொரு தடவை சொல்லுச்சு. இரு-ன்னு சொன்ன மாதிரி இல்ல.

ரெண்டு சட்டைய ஒரு பையில போட்டுக்கிட்டான். பழம் வாசல் வரைக்கும் வந்து, வெயிலா இருக்குன்னு அவன் குடைய எடுத்துக் குடுத்துச்சு.

பஸ்ல கூட்டம் இல்ல. கண்டக்டர் அவனை ஒருதடவை மேலேயும் கீழேயும் பாத்தாரு.

"எத்தன கிலோ?"

"அம்பத்தெட்டு."

லக்கேஜ் டிக்கெட் ஒண்ணு கிழிச்சு அவன் சட்டைப் பட்டன்ல சொருகுனாரு. பின்சீட்டுக்குக் கீழ ரெண்டு வெங்காய மூட்டைக்கு நடுவுல இடம் இருந்துச்சு. சவரிராஜ் குனிஞ்சு உள்ள போயி, அடுத்த மூட்டைக்கு இடம் விட்டு ஒடுங்கிக்கிட்டான்.