முடிச்சுக்குள் இருந்த பிள்ளை

கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள் என்று முடிச்சு டீச்சருக்கு ஒரு பேர் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் மட்டும் சபைக் கட்டடத்தின் பின்னறையில் ராணி. எதிரே பாயில் நாலு வயது முதல் ஏழு வயது வரை வாண்டுகள். ராஜா, சிங்கம், கப்பல், கழுதை என்று அவளே தைத்த துணிப் பொம்மைகளைப் பலகையில் ஒட்டி ஒட்டி வேதாகமக் கதை சொல்லுவாள்.

கதை உச்சிக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவாள். மேசை டிராயரிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்து, எல்லார் கண் முன்னாலும் அதில் ஒரு முடிச்சுப் போடுவாள். "மீதிக் கதை இதுக்குள்ள இருக்கு. அடுத்த ஞாயிறு வந்து அவுத்துப் பாப்போம்." அவ்வளவுதான், அறையே அலறும். ஒவ்வொரு வாண்டும் வீட்டுக்குப் போய் ஆறு நாளும் பெற்றவர்களைப் பிய்த்து எடுத்து, ஏழாம் நாள் அவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து சேரும். ஒன்பது பிள்ளைகளோடு அவள் ஏற்றுக்கொண்ட வகுப்பில் இப்போது முப்பத்தொரு பிள்ளைகள். போதகரே மேடையில் நின்று பாராட்டியிருக்கிறார். அன்றைக்கு அவள் தரையில் நடக்கவில்லை.

இன்னொரு கைப்பக்குவமும் அவளிடம் இருந்தது. சின்னப் பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று கதைகளில் கொஞ்சம் சர்க்கரை தூவுவாள். கல்லடிபட்ட இராட்சதன் அவள் கதையில் மயங்கித்தான் விழுந்தான். பெருவெள்ளத்தில் பேழைக்கு வெளியே நின்ற மனுஷர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வாண்டு கேட்டபோது, "அவங்க எல்லாம் நீந்தி வேற ஊருக்குப் போயிட்டாங்க" என்று கூசாமல் சொன்னாள். உலகம் முழுக்க மூழ்கிக் கிடக்கும்போது அந்த வேற ஊர் எங்கே இருந்தது என்று கேட்கும் வயது யாருக்கும் வரவில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு சாலொமோன் ராஜாவின் கதை. ஒரு கைக்குழந்தை, அதற்கு இரண்டு பெண்கள் சண்டை. ஒருத்தியின் பிள்ளை செத்துப் போனதை, வழக்கம்போல, "தொலைஞ்சு போச்சு" என்று மாற்றிக்கொண்டாள். என் பிள்ளை என்கிறாள் இவள், என் பிள்ளை என்கிறாள் அவள். பலகையில் ராஜாவை ஒட்டினாள். வெள்ளிக் காகிதத்தில் வெட்டிய வாளை ஒட்டினாள். குரலை அடித்தொண்டைக்கு இறக்கினாள்.

"ராஜா சொன்னார்: 'வாளைக் கொண்டு வா! இந்தப் பிள்ளையை ரெண்டா வெட்டு! ஆளுக்குப் பாதி கொடு!'"

ரிப்பன் வந்தது, முடிச்சு விழுந்தது. போன மாதம் ஒரு வால் பையன் முடிச்சை நடுவிலேயே அவிழ்த்துவிட்டதால், இந்த முறை பல்லைக் கடித்து இறுக்கினாள். வாண்டுகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தின.

ஒன்று மட்டும் கத்தவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுச் சிட்டு கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அந்த ராஜா நல்லவரா?"

"ரொம்ப நல்லவர்டா கண்ணு. உலகத்துலேயே பெரிய புத்திசாலி. அவர் ஒண்ணு சொல்லிட்டா சொன்னதுதான். யாரும் மறுபேச்சு பேச முடியாது."

"அந்தப் பிள்ளை ஓடிப் போயிடலாம்ல?"

"கைக்குழந்தை எப்படிம்மா ஓடும்?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். பிள்ளை கதையில் எவ்வளவு ஆழ்ந்துவிட்டது பார் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

சிட்டுவின் அம்மா சபையில் இடது பக்கம் மூன்றாம் வரிசையில் உட்காருவாள். அப்பா வலது பக்கம் கடைசி வரிசை. ஒரு வருஷமாக இப்படித்தான். பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடப்பது சபைக்கே தெரியும், டீச்சருக்கும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போயிருக்கலாம். தெரிந்திருந்தும் அவளுக்கு உறைக்கவில்லை. அவள் கண்ணுக்கு அன்றைக்கு வாள்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலை, ஒரு பெரியவருக்காக மாத்திரைகளைப் பாதி பாதியாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிட்டுவின் அம்மா.

"டீச்சர், சிட்டு அங்க வந்தாளா? காணோம் டீச்சர். பதினொரு மணிக்குக் கோர்ட்டு. ஜட்ஜ் அவளையும் பாக்கணும்னு சொல்லியிருக்கார். டிரஸ் மாத்தி வாசல்ல நிறுத்தினேன், செருப்பு எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். தெரு முழுக்கத் தேடிட்டேன்."

"பயப்படாதீங்கம்மா. அவங்க அப்பாகிட்ட..."

"அவரும்தான் தேடிட்டு இருக்கார். என்னவோ போல இருந்தா டீச்சர் காலையில. ஜட்ஜ்கிட்ட வாள் இருக்குமான்னு கேட்டா. இருந்த எரிச்சல்ல, 'ஆமா இருக்கும், வாயை மூடிட்டுச் சாப்பிடு'ன்னு சொல்லிட்டேன். எங்கேருந்துதான் இதெல்லாம் பிடிக்குதோ."

எங்கேருந்து பிடித்தது என்று டீச்சருக்குத் தெரியும். ஒரு பிள்ளை, அதற்கு இரண்டு பேர் சண்டை, நடுவில் ஒரு ராஜா. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று ராத்திரி அந்தக் குழந்தை இதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. கையிலிருந்த பாதி மாத்திரை எங்கே விழுந்தது என்றுகூட அவள் பார்க்கவில்லை. பெரியவர் "அம்மா, என் மாத்திரை" என்று கூப்பிடக் கூப்பிடத் தெருவில் இறங்கி ஓடினாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது வாயைத் திறந்தவள் இல்லை, காது கொடுத்த பிள்ளை. 'ஆண்டவரே, ரோட்டுல மட்டும் எதுவும் ஆகியிருக்கக் கூடாது' என்று முனகிக்கொண்டே ஓடினாள். சிட்டு வீட்டிலிருந்து சபைக்கு மூன்று தெரு, நடுவில் பஸ் போகும் பெரிய சாலை. ஆறு வயதுக் குழந்தை அதைத் தனியாகத் தாண்டியிருக்குமா? எதற்காக சபைக் கட்டடத்துக்கு ஓடுகிறாள் என்பதும் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. கால் அங்கேதான் போனது.

பின்னறை பெருக்குவதற்காகத் திறந்து கிடந்தது. பாய்கள் சுருட்டி வைத்திருந்தன. மேசை டிராயர் வெளியே இழுத்தபடி இருந்தது. பலகையில் ராஜா இருந்தார், வாள் இருந்தது, இரண்டு பெண்களும் இருந்தார்கள். பிள்ளைப் பொம்மையைக் காணவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். புதுக் கவுன், வெறுங்கால், கால் முழுக்கப் புழுதி. துணிப் பிள்ளையைக் கவுனுக்குள் செருகி வைத்திருந்தாள், மேலே தலை மட்டும் எட்டிப் பார்த்தது. வாயில் சிவப்பு ரிப்பன். முடிச்சைப் பல்லால் கடித்துக் கடித்து அது எச்சிலில் ஊறிப் போயிருந்தது. உதட்டோரம் லேசாக ரத்தம்.

"டீச்சர்," என்றாள் சிட்டு. "முடிச்சு அவுரவே மாட்டேங்குது."

பயந்து ஒளிய ஓடிவந்தது என்று டீச்சர் நினைத்திருந்தாள். மீதிக் கதை ரிப்பனுக்குள் இருக்கிறது என்று அவள் சொன்னதை நம்பி, கோர்ட்டுக்குப் போவதற்குள் அதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறது பிள்ளை. அம்மாவுக்குப் போன் போட்டு, "இங்கதான் இருக்கா, நல்லா இருக்கா, வாங்க" என்றாள். பிறகு ரிப்பனை வாங்கி நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாதீங்க!"

அப்படி ஒரு அலறலை அந்த அறை கேட்டதில்லை. சிட்டு இரண்டு கையாலும் பொம்மையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டாள். கத்தரிக்கோல் டீச்சரின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"இல்லடா, வெட்டல. வெட்டவே மாட்டேன். கதையைச் சொல்லிடறேன், கேளு. யாரும் அந்தப் பிள்ளையை வெட்டல. ராஜா சும்மா சொல்லிப் பாத்தார். முழுசா, பத்திரமா அதோட அம்மாகிட்டயே கொடுத்துட்டார்."

சிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். பெரிய மனுஷி போல ஒரு பார்வை.

"நீங்க சும்மா சொல்றீங்க."

"சத்தியமாடா."

"வெள்ளத்துல எல்லாரும் நீந்திப் போயிட்டாங்கன்னு சொன்னீங்க. பெரியம்மா வீட்டு அக்கா புக்ல காட்டினா. எல்லாரும் செத்துப் போயிட்டாங்களாம். நான் பயப்படுவேன்னு மாத்திச் சொல்லுவீங்க நீங்க."

கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இத்தனை வருஷமும் பொய் சொன்னபோதெல்லாம் அவளை நம்பின பிள்ளைகள். இன்றைக்கு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் அந்த வாய்க்கு மதிப்பில்லை. அழ நேரமில்லை.

அலமாரியிலிருந்து பெரிய வேதாகமத்தை எடுத்துத் தரையில் விரித்து, அவளும் மேசைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டாள். பக்கத்தைத் தேடி, ஒரு சொல்லின் கீழே விரலை வைத்தாள்.

"நான் படிக்கல. நீயே படி."

ஒன்றாம் வகுப்புப் படிப்பு. சிட்டு எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். "கொ... ல்... லா... ம... ல்." நிறுத்தினாள். இன்னொரு தரம் கூட்டினாள். "கொல்லாமல்னா, கொல்லலதானே டீச்சர்?"

"கொல்லலடா கண்ணு."

பிள்ளையின் தோள் இரண்டும் இறங்கின. மூன்று நாள் மூச்சையும் சேர்த்து விட்டது போல ஒரு பெருமூச்சு. பிறகு வரிகளைத் தொட்டுத் தொட்டு டீச்சர் மீதியைச் சொன்னாள், சர்க்கரை ஏதும் சேர்க்காமல். தொலைந்ததாகச் சொன்ன பிள்ளை செத்துப் போயிருந்தது என்பதையும் சொன்னாள். ஒருத்தி வெட்டட்டும் என்றாள். இன்னொருத்தி, ஐயோ வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று அழுதாள். வேண்டாம் என்றவள்தான் அம்மா என்று ராஜா கண்டுபிடித்துவிட்டார்.

"அப்ப, விட்டுக்கொடுக்கிறவங்களுக்குத்தான் ராஜா பிள்ளையைக் கொடுப்பாரா?"

"ஆமா," என்றாள் டீச்சர். அந்த ஆமாவின் எடை அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். அம்மா ஓடி வந்தாள். அவள் பின்னாலேயே, அவள் போனில் சொல்லி வேறு வழியாக வந்த அப்பா, மூச்சு வாங்க, கோர்ட்டுக்கான காகிதக் கவரைக் கையில் கசக்கியபடி. இரண்டு பேரும் வாசலிலேயே ஒருவருக்கு ஒருவர் இடம் விட்டு, இரண்டு அடி தள்ளி நின்றார்கள்.

சிட்டு மேசைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தாள். அம்மா முட்டி போட்டு அவளை வாரி அணைத்தாள். சிட்டு அம்மாவின் காதில் வாயை வைத்து ரகசியம் சொன்னாள். ஆறு வயது ரகசியம், பக்கத்தில் இருந்த டீச்சருக்கும் கேட்டது; வாசலில் நின்ற அப்பாவுக்கு மட்டும் எட்டவில்லை.

"அம்மா, நீ அப்பாகிட்டயே கொடுத்துடுங்கன்னு சொல்லிடு. அப்படிச் சொன்னாதான் ராஜா என்னை உன்கிட்ட தருவார். மறந்துடாத."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் கையில் அவிழாத ரிப்பனோடு நின்றாள். தடுக்க வேண்டும் என்று தோன்றியது. எதைச் சொல்லித் தடுப்பது? பிள்ளை அதற்குள் அப்பாவிடம் போய்விட்டாள், கையை அசைத்து அவரைக் குனியச் சொன்னாள், அவர் காதையும் பிடித்து இழுத்தாள். இந்தத் தடவை ரகசியம் நிஜமாகவே ரகசியமாக இருந்தது. டீச்சருக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. அது வெளுத்துக்கொண்டே வந்தது.

அவர் மெல்ல நிமிர்ந்தார். கவர் கீழே விழுந்ததை அவர் எடுக்கவில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உன்கிட்டயும் இதையேதான் சொன்னாளா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.