வேர்த்துப்போன பேட்டரி

பாண்டிச்செல்வி ஏற்கெனவே இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். மூன்றாவது தடவையும் விழுந்தால் "உடல் தகுதி இல்லை" என்று எழுதிக்கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று எச்.ஆர். ரஞ்சனி மேடம் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அந்த மேடம் எந்தக் கெட்ட செய்தியையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊருக்கு அனுப்பினால் செல்விக்கு வேலை மட்டும் போகாது. கம்பெனி படிக்கவைக்கும் டிப்ளமாவும் கையைவிட்டுப் போகும். அது செப்டம்பரில் முடியும், இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. சேரப்பணஞ்சேரியில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருக்கும் அறையில், பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து இரண்டு வருடமாகப் படித்தவள் அவள். அங்கேதான் லைட் பளிச்சென்று எரியும்.

நாங்கள் இருவரும் சங்கரன்கோவில் பக்கம். ஒரே பஸ்ஸில் ஏறி வந்து, ஒரே நாளில் ஒரகடத்தில் இந்த ஸ்கூட்டர் பேட்டரி கம்பெனியில் சேர்ந்தோம். அவளை அசெம்பிளி ஹாலில் போட்டார்கள். தகரக் கூரை, மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தொடும். என்னை டெஸ்ட் ரூமில் போட்டார்கள். வருடம் முழுக்க இருபத்தைந்து டிகிரி, ஏசி நிற்கவே நிற்காது. தங்கமாரிக்குக் குளுகுளு வேலை என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த ஏசி தங்கமாரிக்காக இல்லை, பேட்டரிக்காக என்று சேர்ந்த அன்றைக்கே எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

பேட்டரி அப்படிப்பட்ட பிறவி. அதில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, முழுசாக இறக்கி, எவ்வளவு கொடுத்தது என்று என் மெஷின் அளக்கும். சூடாக வந்தால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பெருமையடித்துக்கொள்ளும். குளிர்ந்து வந்தால் இருப்பதையும் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இருபத்தைந்து டிகிரியில் சில மணி நேரம் ஓய்வாக வைத்து, பிறகு அளந்தால்தான் நம்பும்படி ஒரு கணக்குச் சொல்லும்.

எங்கள் பேட்டரியை வாங்கும் ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து புனேக்கார ஆடிட்டர் ஒருவர் ஏப்ரலில் வந்தார். ஹாலில் கொதித்துக் கிடக்கும் பேட்டரியை அப்படியே டெஸ்ட்டுக்குத் தள்ளுவதைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். பத்தே நாள்தான். ஹாலின் மூலையில் கண்ணாடி கேபின் வந்தது, அதற்குள் ஏசி வந்தது, பேட்டரிகள் உள்ளே போய் ஓய்வெடுத்தன. ஹாலுக்கு ஏசி வேண்டும் என்று நாங்கள் ஆறு மாதமாகக் கேட்டதற்கு, ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர் பெருமாள்சாமி சார்.

அதோடு விட்டார்களா? பைப் நீளம் பத்தவில்லை என்று கேபின் ஏசியின் வெளி யூனிட்டை ஹாலுக்குள்ளேயே மாட்டிவிட்டார்கள். அது ஊதும் அனல் நேராகச் செல்வியின் முகத்துக்கு வந்தது. இரண்டு தடவையும் அவள் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

"ஏட்டி மாரி, நான் பேட்டரியாப் பொறந்திருக்கலாம்ட்டி," என்றாள், இரண்டாவது தடவை விழுந்த அன்று அறையில்.

"பொறந்திருந்தா நான்தான ஒன்ன டெஸ்ட் பண்ணணும். ஃபெயில் போட்ருவேன், பேசாமப் படு," என்றேன். சிரித்தாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவள் வேகும்போது நான் ஜெர்கின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவளுக்கு லேசான வேலையாகக் கொடுக்கிறோம் என்று டிராலி தள்ளவிட்டார்கள். கேபினிலிருந்து பேட்டரியை எடுத்து, ஹாலைக் கடந்து, என் டெஸ்ட் ரூமுக்குக் கொண்டுவர வேண்டும். நாற்பது அடி தூரம்.

ஹாலுக்கு சூப்பர்வைசர் சின்னப்பையன் சார். படப்பைக்காரர், மனுஷன் தங்கம், ஆனால் உடம்பு கனம். வேர்வை தாங்காமல் ஸ்டாக் பார்க்கிறேன் என்று கேபினுக்குள் போவார். ரிமோட்டை எடுத்துப் பதினெட்டில் வைப்பார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். வெளியே வரும்போது பழையபடி இருபத்தைந்தில் வைக்க மட்டும் மறந்துவிடும். அன்றைக்கு நல்ல பேட்டரிகளெல்லாம் என் மெஷினில் நூலிழையில் தோற்கும்.

"இன்னாமா மாரி, நேத்து ஃபுல்லா ஃபெயில் போட்டுகினு கீற? மெஷின் ரிப்பேரா?" என்று ஒருநாள் வந்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க நேத்து எத்தன வாட்டி ஸ்டாக் பாத்தீங்க?"

அன்று முழுக்க அவர் என் பக்கம் தலைகாட்டவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. குளிர்ந்த பேட்டரியை அந்தப் புழுக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தால், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி மேலெல்லாம் நீர் முத்து முத்தாகப் பூத்துவிடும். ஈரத்தோடு மெஷினில் மாட்ட முடியாது. பெருமாள்சாமி சாரிடம் சொன்னோம். "தொடைச்சா போச்சு," என்றார். செல்விக்கு ஒரு துணி கொடுத்தார்கள். டிராலியோடு கூடவே நடந்து துடைத்துக்கொண்டே வருவாள்.

ஜூனில் புனேக்காரர் மறுபடி வருகிறார் என்று தெரிந்ததும் தரையைக் கழுவினார்கள், கண்ணாடியைத் துடைத்தார்கள். அன்று காலை செல்வி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, இன்னைக்கு நான் தொடைக்கலன்னா என்னாவும்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணியை வாங்கி நானே தண்ணீரில் அலசி, பின்பக்கம் சைக்கிள் ஷெட் கம்பியில் காயப்போட்டேன். சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதானே சொன்னார்கள்? நாங்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மீதியைச் சின்னப்பையன் சார் பார்த்துக்கொண்டார். ஆடிட் பயத்தில் காலையிலேயே மூன்று தடவை ஸ்டாக் பார்த்திருந்தார்.

புனேக்காரர் ஹால் நடுவில் நிற்கும்போது கேபின் கதவைத் திறந்து செல்வி டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பத்தடியில் பேட்டரியின் மேல் புகை படிந்தது போல ஆனது. இருபதடியில் துளித்துளியாகத் திரண்டது. அவர் முன்னால் வந்தபோது ஓரத்திலிருந்து சொட்டவே ஆரம்பித்துவிட்டது. அவர் விரலால் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

"கழுவி வச்சிருக்காங்க சார், உங்களுக்காக," என்று பெருமாள்சாமி சார் இங்கிலீஷில் உளறினார்.

"கழுவல சார். வேர்க்குது," என்றாள் செல்வி. டெஸ்ட் ரூம் வாசலில் நின்ற நான் அதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன்.

மனுஷன் பதறிப்போனார். போனை எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடித்தார். டிராலிக்குப் பின்னால் நின்ற செல்வியின் சட்டை பிழிந்தால் ஒரு குவளை தேறும். அது எந்தப் படத்திலும் விழவில்லை.

கேபின் குளிரைக் குறைத்துவிடலாம் என்றார் பெருமாள்சாமி சார். முதலில் இது பதினெட்டில் ஏன் இருக்கிறது என்று கேட்டார் புனேக்காரர். சின்னப்பையன் சார் கூரையைப் பார்த்தார். இந்தப் புழுக்கத்தில் இருபத்தைந்திலேயே வேர்க்கும், அதனால் பேட்டரி இருக்கும் இடம் எதுவானாலும் இருபத்தேழு டிகிரியைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் ஆர்டர் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் புனேக்காரர்.

மூன்றே வாரத்தில் ஹால் முழுக்க ஏசி ஓடியது. அனல் ஊதிய யூனிட் வெளியே போனது. செல்வியின் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். இனி செப்டம்பர் வரை ஓடிவிடும் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஜூலை கடைசி நாள் மத்தியானம், கேபினிலும் ஹாலிலும் இருந்த பேட்டரி எல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டன. அடுத்த லாட் செய்ய, பேட்டரிக்குள் அடுக்கும் செல் வரவேண்டும். பெண்கள் எல்லாம் உட்கார்ந்து வயர் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெருமாள்சாமி சார் எட்டிப் பார்த்தார். "பேட்டரியே இல்லாத ஹாலுக்கு எதுக்கு ஏசி? ஆஃப் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரத்தில் தகரம் தன் வேலையைக் காட்டிவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செல்வி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. அந்தக் கோடியில் ரஞ்சனி மேடம் ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார், அதே சிரித்த முகத்தோடு.

என் ரூமில் ஃபெயிலான பேட்டரி ஒன்று தனியே கிடந்தது. சந்தேகம் வந்தால் மறுபடி டெஸ்ட் பண்ண எனக்கு அதிகாரம் உண்டு. "மறு டெஸ்ட், ஓய்வில் உள்ளது" என்று எழுதி அதன்மேல் ஒட்டி, டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் செல்வியின் பக்கத்தில் நிறுத்தினேன்.

"சார்! பேட்டரி வந்திருக்கு!" என்று கத்தினேன்.

சின்னப்பையன் சார் சீட்டைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓட்டமும் நடையுமாகப் போய் சுவிட்சைப் போட்டார். காற்று இறங்கியது. செல்வியை ஸ்டூலில் உட்காரவைத்தேன். பேட்டரிமேல் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

ரஞ்சனி மேடம் வந்து நின்றார். "டிஸ்பேட்ச் முடிஞ்சிருச்சே, ஏசி ஏன் ஓடுது?"

"ஒரு பேட்டரி உள்ள கீது மேடம்," என்றார் சின்னப்பையன் சார்.

"ஓ, அப்போ சரி," என்று சொல்லிவிட்டு, பேட்டரியை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்துவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கை இன்னும் ஜில்லிட்டிருந்தது.

"ஏட்டி மாரி, செப்டம்பர் வரைக்கும் இதுக்குப் பாஸ் போட்றாதட்டி," என்றாள்.