ஒரு நிமிடம், சொந்த மொழியில்

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். துணி தேய்க்கும் உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வருகிற துணியை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, இழுத்து, உதறி, எதிரெதிரே நடந்துவந்து சேர்க்க வேண்டும். அந்தப் பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. ஒரே ஆளோடு நானூறு தடவை முகத்துக்கு முகம் வந்து நின்றால் ஒன்று ஜென்மப் பகையாகும், இல்லாவிட்டால் சிநேகமாகும். இவளுக்கும் எதிர்முனைக்காரிக்கும் சிநேகமாகி எட்டு மாதம் ஆயிற்று. இவளுக்கு இந்த ஊர் மொழி அரைகுறை, எதிர்முனைக்காரிக்குத் தமிழ் தெரியாது. மீதியை எதிர்முனைக்காரி கையாலும் கண்ணாலும் ஒப்பேற்றிவிடுவாள்.

"இன்னிக்குப் பள்ளிக்கூட விழாவுல உன் பொண்ணு எத்தனை மணிக்கு மேடை ஏறுது?" என்று கேட்டாள் எதிர்முனைக்காரி. அவளுடைய பையன்களும் அதே பள்ளிக்கூடம்தான்.

"பதினொண்ணுக்கு."

"அப்ப இங்க நின்னே பாத்துடலாம். போன்லயே நேரா வருதாம்ல. எங்கண்ணன் அங்க அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டுப் பாக்கப் போறான்."

விரிப்பின் முனை இவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"போன்லயா? படமே எடுக்க மாட்டாங்கன்னு கடுதாசில போட்டிருந்துச்சே."

"யார் சொன்னது? படம் எடுக்கத்தானே கையெழுத்தே கேட்டாங்க! தூரத்துச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் லிங்க்கை அனுப்பிவிடுங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. நீதானே கையெழுத்துப் போட்டே?"

போட்டவள் இவள்தான். படித்துச் சொன்னவள் மகள்.

பதினோரு வயது மகள். ஊர் மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். பள்ளிக்கூடத்துக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வீட்டுக்காரரின் வசவு எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் அம்மாவுக்கு வந்து சேரும். எது தேவையோ அதை மட்டும் சொல்வாள். வீட்டுக்காரர் பத்து நிமிஷம் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனால், "குழாயை இறுக்கி மூடணுமாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்பாள். படம் என்றாலே அம்மா பயந்து கையெழுத்துப் போடமாட்டாள் என்பதும் மகளுக்குத் தெரியும்.

எதற்காக இந்தப் பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இவள் புருஷன் இவளை அடுப்பங்கரைக்குள் தள்ளி, கேஸைத் திறந்துவிட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனான். பக்கத்து வீட்டார் கதவை உடைத்ததால் உயிர் தப்பினாள். அன்று சாயங்காலமே பள்ளிக்கூட வாசலிலிருந்து மகளை அப்படியே கூட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். அடுத்த ஊரில் மூன்றாவது மாதம் அவன் வந்து நின்றான். யாரோ கல்யாண வீட்டில் எடுத்த ஒரு படம், அதில் ஓரமாக இவள் முகம், அதை அவன் அக்காள் பார்த்துவிட்டாள். அவ்வளவு போதுமாக இருந்தது. பின்கதவு ஒன்று இருந்த புண்ணியத்தில் அன்றைக்கும் பிழைத்தார்கள். கடல்தாண்டி வந்து சேர்ந்த இந்த ஊர் மூன்றாவது ஊர்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது; பின்கதவு வழியே ஓடியதற்குக்கூட வாடகைத் தகராறு என்று காரணம் சொல்லியிருந்தாள். காய்ச்சலில் கிடந்தபடி, "அப்பா ஏம்மா வரல?" என்று அது அனத்தியபோது, "நம்ம அட்ரஸ் அப்பாவுக்குக் கிடைக்கலடா கண்ணு, தேடிக்கிட்டுத்தான் இருக்கார்" என்று சொல்லிவைத்தாள். பெற்ற வயிறு வேறு என்ன சொல்லும்? மனசுக்குள் அவன் 'அவன்'தான். மகளிடம் மட்டும் 'அவர்'.

மணி பத்தரை. மேற்பார்வையாளனுக்கு அங்கே 'மணிக்கூண்டு' என்று பெயர். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அவன் மூச்சுகூட விடமாட்டான். "எங்க போறே? இன்னும் இருநூறு பாக்கி!" என்று அவன் கத்தியது இவள் காதில் விழுந்தது. இவள் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கட்டிய மேலங்கியைக்கூட அவிழ்க்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் வண்டி இல்லை. ஓடினாள். சிவப்பு விளக்கைப் பார்க்காமல் சாலையைக் கடந்தபோது ஒரு வண்டிக்காரன் அவன் மொழியில் நாலு வார்த்தை நன்றாகத் திட்டினான். அது மட்டும் முழுசாகப் புரிந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் வழிமறித்தாள். சிரித்த முகம். இவள் மேலங்கியில் ஒரு வண்ண அட்டையைக் குத்தி, உங்கள் மொழியை இதில் எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினாள். "பொண்ணு, உள்ளே, சீக்கிரம்" என்று இவள் ஊர் மொழியில் வாய்க்கு வந்த மூன்று வார்த்தைகளைக் கொட்டினாள். "அவசரமே இல்லை, இன்னும் முடியலை" என்று அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள். இப்படிப்பட்ட நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது சாமானியமா?

அரங்கம் நிறையக் கூட்டம். கூரையெங்கும் காகிதத் தோரணம். நடுவில் முக்காலியின் மேல் காமிரா, அதன் பின்னால் ஓர் இளம் ஆசிரியர். இவள் அவர் கையைப் பிடித்தே விட்டாள். அவசரத்தில் வாயில் தமிழ்தான் வந்தது.

"என் பொண்ணு. படம் வேண்டாம். வேண்டாம்."

அவர் இவளுடைய வேர்த்த முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். மகளை நன்றாகப் பார்க்க இடமில்லை என்கிறாள் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, தோளைத் தொட்டு அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினார். அவர் போய்க் காமிராவைத் தொடவும் மகள் மேடைக்கு வரவும் சரியாக இருந்தது.

விழாவின் விதி எளிது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் தன் வீட்டு மொழியில் எதை வேண்டுமானாலும் பேசலாம். யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. புரியாததையும் பொறுமையாகக் கேட்பதுதான் மரியாதை என்று தலைமையாசிரியை காலையிலேயே சொல்லியிருந்தாராம். அருமையான எண்ணம்தான், யார் இல்லையென்றது? அந்த அரங்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

மகள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நேராகக் காமிராவைப் பார்த்தாள்.

"அப்பா, நான்தான். அத்தை போன்ல பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும். நான் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்லேருந்து அத்தைக்கு லிங்க் அனுப்பினேன். எல்லாரும் சேர்ந்து பாக்கறோம்னு நேத்து பதில் போட்டாங்க. எங்க அட்ரஸ் உங்களுக்குக் கிடைக்கலன்னு அம்மா சொன்னாங்க. அதை நானே என் வாயால சொல்லணும்னுதான் அத்தைக்குக்கூட எழுதல. இப்பச் சொல்றேன், எழுதிக்குங்க."

"வேண்டாம்! நிறுத்துடி!" இவள் எழுந்து நின்று அலறினாள். ஒரு தாய் மகளை உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து நாலு வரிசை கைதட்டியது.

"இரும்மா, முடிக்கப்போறேன்" என்றாள் மகள். ஊர்ப் பெயரைச் சொன்னாள். தெருப் பெயரை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கதவு எண் சொன்னாள். இரண்டாவது மாடி, படியேறினால் இடது பக்கம் என்றாள்.

"அம்மா காலைல ஆறு மணிக்கே வேலைக்குப் போய்டுவாங்க. எட்டு மணி வரைக்கும் நான் மட்டும்தான் இருப்பேன். நீங்க பெல் அடிங்கப்பா. நானே திறக்கறேன்."

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் ஒரு முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காமிராவுக்குப் பின்னாலிருந்த இளம் ஆசிரியர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கடல்தாண்டி ஒரு வீட்டுக் கூடத்தில் ஒருவன் ஒரு காகிதத்தைத் தேடி எழுதிக்கொண்டிருப்பது இவள் கண்முன் வந்தது.

மேடைப்படியில் மகளை வாரி அணைத்தாள். அதன் நெஞ்சு சந்தோஷத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது. தலைமையாசிரியை அருகே வந்து இவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"போலீஸ்" என்றாள் இவள். "வீடு இல்லை. இன்னிக்கு, வீடு இல்லை. படம் வேண்டாம்." அதற்குமேல் அந்த மொழியில் ஒரு வார்த்தை வரவில்லை. தலைமையாசிரியை ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

தமிழ் தெரிந்தவர் வேறு யாராவது இருக்க மாட்டார்களா என்று இவள் சுற்றிலும் பார்த்தாள். முந்நூறு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் இல்லை. ஐயோ, இதை என் பிள்ளையின் வாயாலா சொல்லவேண்டும் என்றிருந்தது. மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"கண்ணு, அம்மா சொல்றதை அப்படியே டீச்சர்கிட்டச் சொல்லணும். ஒரு வார்த்தையும் விடக்கூடாது."

"சரிம்மா."

"அப்பா நம்மளக் காணாம தேடல. நாமதான் அப்பாகிட்டேருந்து ஓடி வந்தோம். அம்மாவைக் கொல்லப் பாத்தார்."

மகள் சிரித்தாள். "பொய் சொல்றே."

"இத்தனை நாள் சொன்னதுதான் பொய்."

சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று. மகள் திரும்பி, தலைமையாசிரியையை நிமிர்ந்து பார்த்து, சின்னக் குரலில், எதையும் விடாமல் சொன்னாள். தலைமையாசிரியை இவள் கையை விட்டுவிட்டுக் காமிராவைப் பார்த்து ஏதோ கத்தியபடி ஓடினார். உடனே திரும்பி வந்து மகள் எதிரே குனிந்து ஏதோ கேட்டார்.

"அப்பா எப்படிக் கொல்லப் பாத்தார்னு கேக்கறாங்க" என்றாள் மகள். "சொல்லும்மா. சொன்னாத்தானே நான் அவங்ககிட்டச் சொல்ல முடியும்?"