இணைச்சீர்க்காரி

என் மகன் கவினுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிவிட்டது. அப்போது நான் செய்த காரியத்தை என் மனைவி கோகிலவாணி இன்னும் மறக்கவில்லை. சாம்பாரில் உப்பு குறைகிறது என்றால்கூட, "அதையும் உங்க அண்ணன் மவகிட்டயே கேட்டுக்கோங்க" என்பாள். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். தப்பு என்னுடையது.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கல்யாணப் பெண்ணைப் போலவே சிங்காரித்துக்கொண்டு, தலையில் கூடையோடு அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். சேலையின் ஒரு முனை அவளிடம், மறுமுனை அவனிடம். பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்வது அது. கவினுக்கு ஒரே அக்கா வித்யா. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள்.

மூன்று வயதில்தான் நடந்தாள். பேச்சு அதற்கும் பிந்தி வந்தது. பத்து வயது வரை வியாழக்கிழமை தவறாமல் திருச்செங்கோட்டிலிருந்து சேலம் அஸ்தம்பட்டிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். பஸ் ஏறியதும் என் மடி அவளுக்குப் பிடிக்காது, பக்கத்து சீட்டுக்காரர் மடிக்குத் தாவிவிடுவாள். முகம் சுளித்தவர்களும் உண்டு. தங்கள் ஸ்டாப் வந்தும் இறக்கிவிட மனமில்லாமல் வைத்திருந்தவர்களும் உண்டு. திரும்பும்போது வாங்கித் தரும் போண்டாவில் பாதியைத் தம்பிக்கென்று உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பாள். வீடு வந்து சேரும்போது அது போண்டாவாகவே இருக்காது. கவின் அதையும் ஆசையாகத் தின்பான். அந்த வியாழக்கிழமைகள் திரும்பக் கிடைக்கும் என்றால் நான் நடந்தேகூட சேலம் போவேன்.

அப்படி வளர்த்தவன்தான், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, யாரையும் கேட்காமல் அண்ணன் மகள் தனப்பிரியாவை இணைச்சீருக்கு நிற்கச் சொன்னேன். கூட்டத்தைப் பார்த்து வித்யா மிரண்டுவிடுவாள் என்று காரணம் சொன்னேன். சுத்தப் பொய். மிரண்டவன் நான். அந்தச் சீரில் ஒரு கேள்வி வரும். "உன் பிள்ளையை என் பிள்ளைக்குக் கொடுப்பாயா?" என்று கூடப்பிறந்தவள் கேட்பாள். கல்யாணமே ஆகப்போகாத என் மகள் அத்தனை பேர் முன்னால் அதைக் கேட்டு, பின்வரிசையில் ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாலும் என்னால் தாங்க முடியாது.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. நான் லாரி ஆபீசுக்குப் போன பிறகு, இரண்டு மாதமாக வீட்டுக்குள் தாயும் மகளும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

முகூர்த்த நாள் காலை, மேடைக்குப் பக்கத்தில் தனப்பிரியா பட்டுச்சேலையில் தயாராக நின்றாள். அப்போது அறைக்கதவைத் திறந்துகொண்டு வித்யா வந்தாள். அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, தலையில் கூடை. இரண்டு கையாலும் அதைப் பிடித்து, நாக்கு நுனியைக் கடித்தபடி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். பின்னால் வந்த கோகிலா என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன்.

சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இணைச்சீருக்கு யாருங்க நிக்கறது?"

வித்யாதான் பதில் சொன்னாள். "நாந்தானுங்க. என்ற தம்பிங்க கவினு."

"நல்லதாப் போச்சுங்க சித்தப்பா, அந்தக் கூடைய நெனச்சே எனக்கு ராத்திரியெல்லாம் ஒதறல்" என்று சிரித்துக்கொண்டே தனப்பிரியா விலகிக்கொண்டாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு இல்லாமல் போயிற்று. "எம் பொண்ணுதானுங்க" என்றேன், ரொம்பத் தாமதமாக.

கூடை விழவில்லை. சேலை முனையையும் அவள் நழுவவிடவில்லை. அருமைக்காரர் நல்ல மனுசர். அந்தக் கேள்வி வரும் இடத்தில் நிற்காமல் அடுத்த சீருக்குத் தாண்டினார். நான் மூச்சு விட்டேன்.

"இன்னும் கேக்கலீங்க" என்றாள் வித்யா.

அவள் தம்பி பக்கம் திரும்பி, மனப்பாடம் செய்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "கவினு, உன்ற புள்ளைய என்ற புள்ளைக்கு..." அதோடு நின்றுவிட்டாள். மறந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் புள்ளயே இல்லையே. எனக்கே குடுத்துரு."

யாரும் சிரிக்கவில்லை. "உனக்குத்தான் அக்கா" என்றான் கவின்.

நான் தோள் துண்டை வாயில் திணித்துக்கொண்டும் அழுகை நிற்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட வரவில்லை. வித்யா மேடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். தலைக் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மண்டபம் முழுவதும் கேட்கிறமாதிரி சொன்னாள்:

"அழுவாதீங்கப்பா. உங்களுக்கும் தாரேன்."