முகம் இல்லாத படம்

ஃபோட்டோ எடுக்கத் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள் வகுப்பில் சேர்ந்தால், முதல் நாள் அவர்களுக்குச் சொல்லப்படுவது, இதுவரை எடுத்ததெல்லாம் குப்பை என்பதுதான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எங்கள் கிரீஷ் சாரும் அதைக் குறைவில்லாமல் சொன்னார். எனக்கு வருத்தமில்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேலையூர் வீட்டில் பூனையையும் செம்பருத்தியையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தவள் நான். குப்பைதான். சும்மா இருந்தால் மருமகனோடு சண்டைக்குப் போவேன் என்று என் மகள்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டாள்.

வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். ஹில்டா என்கிற நான், அப்புறம் ஃபஹீமா. ஆண்களெல்லாம் சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து பள்ளிக்கரணைப் பறவைகளைப் பற்றியே பேசுவார்கள். நாங்கள் பின்வரிசையில் முறுக்குத் தின்போம். அவளுக்கு என் மகள் வயது. அண்ணன் பழசென்று ஒதுக்கிய கேமராவை எடுத்து, யூடியூப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டவள்.

அவள் வந்த காரணம் என்னைப்போல் பொழுதுபோக்கு அல்ல. அவர்கள் வீட்டு நிக்காஹ்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் ஃபோட்டோகிராஃபர் போக முடியாது. அதனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் உள்ளறையில் படம் எடுப்பது ஃபஹீமாதான். அதையே தொழிலாக்க வேண்டும், பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் வரைக்கும் பெண்கள் பக்கம் என்றால் தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. "கோர்ஸ் முடிச்சா தைரியமா போர்டு மாட்டலாம்க்கா. அவரும் சரின்னுட்டாரு" என்றாள். அவர் என்றால் கணவர் அக்தர். குரோம்பேட்டையில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்.

ஒருநாள் எல்லோரும் டீ குடிக்கப் போனபின் அந்த உள்ளறைப் படங்களை எனக்குக் காட்டினாள். நான் முறுக்கைக் கீழே வைத்துவிட்டேன். வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற ஒருத்தி. குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே அடுத்தவளுக்குப் பூ வைத்துவிடுகிற ஒருத்தி. தாயின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போன மணப்பெண். யார் தலையிலும் முக்காடு இல்லை, யாரும் கேமராவைப் பார்த்து விறைக்கவும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லவும் சொன்னேன்.

"சார் கிட்ட காட்டேன்டி!"

"ஐயோ, சார் ஆம்பளையாச்சே க்கா" என்றாள். அத்தோடு சரி.

ஆகவே வகுப்பில் அவள் காட்டியதெல்லாம் பிரியாணி அண்டா, வாசலில் கிடக்கும் செருப்புகள், காலி நாற்காலிகள். கிரீஷ் சார் உதட்டைப் பிதுக்குவார். "டெக்னிக்கலா ஓகே ஃபஹீமா. ஆனா லைஃபே இல்லையே. மனுஷங்களை எடுங்க." அவள் தலையாட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரெல்லாம் அவள் கைப்பையில் இருக்கிறது, இந்த ஆளுக்கு எப்படிச் சொல்வது?

பிறகு ஒரு வாரம் சார் வீட்டுப்பாடம் கொடுத்தார். முகம் தெரியாமல் ஒரு மனிதரை எடுத்து வர வேண்டும், ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்கிறவர் உணர வேண்டும். முன்வரிசைக்காரர்கள் வழக்கம்போல் சுருக்கம் விழுந்த கைகளாக எடுத்துத் தள்ளினார்கள். ஃபஹீமா கொண்டுவந்தது, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். குளித்துவிட்டு அவிழ்த்துப் போட்ட முடி, நாற்காலியைத் தாண்டித் தரை வரைக்கும் விழுகிறது. சாம்பிராணிப் புகை அதற்குள் நுழைந்து வெளியே வருகிறது. அவ்வளவுதான். முன்வரிசைக்காரர்கள் எழுந்து கிட்டே வந்து பார்த்தார்கள்.

"இதுதான் படம்!" என்று கிரீஷ் சார் கையைத் தட்டினார். "நம்ம இன்ஸ்டா பேஜ்ல போடட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "முகம் இல்லையே க்கா" என்றாள் மெதுவாக. நானும் "ஆமாம், முகமே இல்லையே" என்றேன். முதன்முறையாக அவளைப் பாராட்டுகிறார்களே என்ற பூரிப்பு எங்கள் இரண்டு பேருக்கும். வெளிச்சம், வடிவம், கோணம் என்று வாரக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அந்த முடி ஒருத்தியின் முடி என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

படத்தைப் பார்த்து அக்தர் உருகிப்போனார். 'என் மனைவி எடுத்தது' என்று எழுதி, நண்பர்களுக்கும் குடும்ப குரூப்புக்கும் அனுப்பிவிட்டார். ஆண்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வரிசையாக இதயம் போட்டார்கள். பெண்களுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அவர்கள் குடும்பத்தில் அவ்வளவு நீள முடி ஒருத்திக்குத்தான். ஃபஹீமாவின் சின்னம்மா மகள் ஷாயிஸ்தா. வெளியே ஒரு இழைகூடத் தெரிய விடாதவள். அந்த முடியைத் தெரிந்தவர்கள் அந்த உள்ளறைப் பெண்கள் மட்டும்தான்.

இன்ஸ்டாவில் போட்ட படத்தை எடுத்துவிடச் சொல்லி ஃபஹீமா அழுதபடி சாருக்கு ஃபோன் செய்தாள். எடுத்தார், ஆனால் "ஃபேஸே இல்லையே, இதுல என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். அடுத்த ஞாயிறு நான் மாடியேறிப்போய் அவரைப் பிடித்துக் கத்தினேன். கத்தும்போதே எனக்கும் சேர்த்துத்தான் கத்துகிறேன் என்று தெரிந்தது. அதற்குள் அந்தப் படம் எந்தெந்தக் கைக்கெல்லாம் போய்விட்டதோ.

ஃபஹீமா வகுப்புக்கு வரவில்லை. தேடிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஷாயிஸ்தா அங்கே இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஃபஹீமா உள்ளறைப் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். ஹேர்பின் கடித்தவள் போனாள். தூங்கிய மணப்பெண் போனாள். ஷாயிஸ்தா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் முன்னாடி தானேடி அவுத்தேன்? ஊர் முன்னாடியா அவுத்தேன்?" என்று மட்டும் கேட்டாள். ஃபஹீமா அடுத்த படத்தை அழித்தாள். அக்தர் அந்தப் படத்தைக் கடைப் பையன்கள்வரை காட்டியிருக்கிறார். அது யார் முடியென்று தெரிந்தபின், இனி ஷாயிஸ்தா எதிரே வந்தால் அவர் எங்கே பார்ப்பார்?

அடுத்த மாதம் ஃபஹீமாவின் அண்ணன் ஷாகுலுக்குக் குன்றத்தூரில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ். தங்கச்சி போகாமல் இருக்க முடியாது. "தனியா உள்ள போக பயமா இருக்கு, நீங்களும் வாங்கக்கா" என்றாள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டாள். ஃபோனையும் கணவரிடம் கொடுத்துவிட்டாள். ஆட்டோவில் போகும்போது, "எல்லாம் என் சொந்தம்தானே, மறந்துடுவாங்க இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மறந்துவிடுவார்கள் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த அறையில் அவளுக்கு மறுபடி இடம் கிடைக்க வேண்டும் என்று மனதுக்குள் ஜெபமே பண்ணினேன்.

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பும் அத்தர் வாசனையுமாக இருந்தது. முக்காடு தோளில் கிடக்க, ஒருத்திக்கு ஒருத்தி பூச்சரம் அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபஹீமா வாசலில் நின்று ஸலாம் சொன்னாள். எல்லோரும் பதில் ஸலாம் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே, ஒருவர் பின் ஒருவராக, முக்காட்டைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள்.

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நான் ஒண்ணும் கொண்டு வரலை, சின்னம்மா."

"தெரியும்மா. உக்காரு" என்றார் ஷாயிஸ்தாவின் அம்மா. குரலில் கோபமே இல்லை. காதோரத்தில் தெரிந்த முடியை உள்ளே தள்ளிக்கொண்டார்.

பின்னாலேயே நானும் போனேன். முன்பின் தெரியாத, வேற்று மதத்துக்காரி. என்னைப் பார்த்து யாரும் எதையும் மூடவில்லை. ஒரு பெண் இடம் விட்டாள், இன்னொருத்தி சர்பத் கொடுத்தாள். வெட்டிய பூச்சரங்கள் பாயில் அப்படியே கிடந்தன. ஒருவரும் எடுக்கவில்லை.

ஃபஹீமா அந்தப் பூச்சரங்களைப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் அவர்கள் பூ வைக்க ஆரம்பித்தார்கள்.