ஒரு மைல் தள்ளி மணப்பாடு

வெள்ளை விரிப்பை அந்தப் பெண் உதறுகிறாள், மூன்றாம் மாடி, பச்சைக் கதவு, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து வெளியே வீசி ஒரு முறை, இன்னொரு முறை, பிறகு விரிப்பைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்று கடலைப் பார்க்கிறாள், காலை எட்டேகால், தினமும் எட்டேகால், ஒரு மைல் தள்ளிக் கப்பலில் நிற்கிற எங்களுக்குச் சத்தம் எதுவும் கேட்காது, பைனாகுலருக்குள் ஊர் முழுவதும் ஊமையாக நடமாடுகிறது, போதும் கொடுல, நான் பாக்கேன் என்று கஸ்பார் பிடுங்குகிறான், அவன் பார்த்து முடித்ததும் நான், நான் முடித்ததும் அவன், இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்போதும் அதே எட்டேகால்தான், ஆனால் நான் கரையில் இருக்கிறேன், ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில், பச்சைக் கதவுக்கு வெளியே பனியனோடு நிற்கிறேன், அதே வீடுதான் என்று சத்தியம் பண்ண முடியாது, இந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் பச்சைக் கதவுதான், அறைக்குள்ளிருந்து ஜெசிந்தா கூப்பிடுகிறாள், ஏங்க, இன்னைக்கு எலுமிச்சைத் தோட்டமும் படகுல போய் குகையும் பாக்கணும்னு ஷைனி எழுதியிருக்கா, சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க. ஷைனி எங்கள் மகள், ஜெர்மனியில் வேலை, முப்பது வருஷம் கப்பலில் போன அப்பா ஒரு ஊரையாவது சுற்றிப் பார்க்கட்டும் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள், எந்த ஊர்ப்பா என்று கேட்டபோது யோசிக்காமல் இந்தக் கடலோர ஊரைச் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. இன்று சனிக்கிழமை, திங்கட்கிழமை தூத்துக்குடியில் கஸ்பாருக்குக் கண் ஆபரேஷன், சர்க்கரை ஒரு கண்ணை முழுதாகத் தின்றுவிட்டது, இன்னொன்றுக்கும் டாக்டர் உத்தரவாதம் தரவில்லை, அதற்குள் அவனிடம் நான் ஒன்று சொல்லியாக வேண்டும், இங்கே வந்து ஐந்து நாளாகச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லவில்லை.

கடலில் நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது, எங்கள் கப்பல் நின்ற அதே இடம், சிமெண்ட் ஏற்றுகிற பழைய கப்பல் எங்களுடையது, முதலாளி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார், கடன் கொடுத்தவர்கள் வழக்கு போட்டுவிட்டார்கள், கோர்ட் சொல்லும்வரை நகரக் கூடாது, இறங்கவும் கூடாது, பதினோரு பேர், எண்பத்தோரு நாள். நான் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன், நிற்கிற கப்பலில் எனக்கு என்ன வேலை, கஸ்பார் சுக்கான் பிடிக்கிறவன், மேலே காவல் நிற்பான், அதனால் பைனாகுலர் அவன் கையில். அவனுக்குச் சொந்த ஊர் மணப்பாடு. முதல் நாளே சொல்லிவிட்டான், ஏல, இது எங்க ஊருல்லா, பாரு, கடலுக்கு மேல மேடு, மேட்டுல கோயில், கொடிமரம் ஒண்ணுதான் இல்ல. எனக்கு இரண்டுக்கும் ஒற்றுமை பெரிதாகத் தெரியவில்லை, ஆனாலும் மணப்பாடு என்றே கூப்பிட ஆரம்பித்தோம், கேப்டன்கூட, அவர் உக்ரைன்காரர், மனப்பாது என்பார். பருப்பும் சோறும், தூண்டில் போட்டுப் பிடித்த மீனும், வாரம் ஒரு முறை தண்ணீர்ப் படகு, மற்ற நேரமெல்லாம் மணப்பாடுதான், பத்து மணிக்கு மணியடித்துக்கொண்டு தெருவில் ஓடும் பொம்மை ரயில், கடற்கரையில் சிவப்புக் குடைக்குக் கீழே ஐஸ்கிரீம் கடை, நாயோடு நடக்கிற கிழவர், அந்த ஆளுக்கு நாங்கள் பர்னாந்து என்று பெயர் வைத்தோம், அவர் ஒரு நாள் வரவில்லையென்றால் எங்களுக்குச் சோறு இறங்காது.

காலண்டர் தாளுக்குப் பின்னால் கஸ்பார் எழுதி வைத்தான், இறங்கியதும் செய்ய வேண்டியவை, சிவப்புக் குடையில் ஐஸ்கிரீம், பொம்மை ரயிலில் ஒரு சுற்று, கோயிலில் மெழுகுதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடை, பர்னாந்தின் நாயைத் தடவிக் கொடுப்பது, கடைசியாக, விரிப்பு உதறும் அக்காவைப் பார்த்துச் சாப்பாடு ஆச்சா என்று கேட்பது. எதுலே கேப்ப, தமிழ்லயா என்றேன், சாப்பாட்ட எதுல கேட்டாலும் புரியும்ல என்றான். ஷைனியின் பட்டியலும் ஏறக்குறைய அதுதான், ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் போனில் டிக் அடித்துக்கொண்டு வருகிறாள், பொம்மை ரயிலில் ஏறினோம், நான்கு தெருவைச் சுற்றிவிட்டு அதே இடத்தில் இறக்கிவிட்டான், கோயிலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி, மூட்டு வலியோடு ஏறினாள், மெழுகுதிரி வைத்தாள், மணப்பாடு மாதிரியே இருக்குல்லங்க என்று அவளாகவே சொன்னாள், எனக்குச் சுருக்கென்றது. மண்ணில் நடந்தோம், மண் அல்ல, கூழாங்கல், காலைக் குத்துகிறது, பைனாகுலரில் அது தெரியவில்லை. ஐஸ்கிரீம் மட்டும் வேண்டாம் என்றேன், சர்க்கரை என்றேன், எனக்குச் சர்க்கரை இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும், ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவள் மட்டும் தின்றாள்.

எண்பத்தோராம் நாள் ஐந்து பேருக்கு மட்டும் இறங்கி ஊர் திரும்ப அனுமதி வந்தது, ஆறு பேர் கப்பலைப் பார்த்துக்கொள்ள இருந்தாக வேண்டும், கேப்டன் தீக்குச்சிகளை உடைத்துக் கையில் மறைத்து நீட்டினார், எனக்கு நீளம், கஸ்பாருக்குக் குட்டை. ஜெசிந்தாவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம், அது கஸ்பாருக்குத் தெரியும், நீ போயிருல, நல்லதுக்குத்தான் உனக்கு விழுந்திருக்கு என்றான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான், பிறகு தன் படுக்கையில் விரித்திருந்த வெள்ளை விரிப்பை உருவி, சுருட்டி, என் பைக்குள் திணித்தான், துண்டு வீசினா இங்கருந்து தெரியாதுல, இத விரிச்சு வீசு, கரையில நின்னு இந்தப் பக்கம் பாத்து வீசு, நம்மள்ல ஒருத்தன் மணப்பாட்டுல நிக்கான்னு நான் பாக்கணும், அது போதும் எனக்கு. வீசுறேன்ல என்றேன். படகு, இறங்குதுறை, நீல நிற வேன், ஓட்டுநர் வயதானவர், கடற்கரையை ஒட்டிப் போகும்போது நிறுத்தி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார், பத்து நிமிஷம், போங்கள் என்று. இறங்கினேன். பை தோளில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் கப்பல் தெரியும், திரும்பவில்லை, பயம், சொன்னால் சிரிப்பு வரும், விரிப்பை வீசினால் யாராவது பார்த்துவிட்டு, ஏய், உன்னை யார் விட்டது, வா திரும்பி என்று கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயம், கொஞ்சம் வெட்கமும், இரண்டில் எது கூட என்று இன்றைக்கும் தெரியாது. ஓட்டுநர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தின்றேன், பத்து நிமிஷமும், பிறகு வேனில் ஏறிவிட்டேன்.

நிறுத்தவே விடல, போலீஸ் கூட இருந்துச்சு, நேரா ஏர்போர்ட்டு என்று கஸ்பாருக்குக் கடிதம் எழுதினேன், பரவால்ல என்று ஒரு வரி வந்தது. இன்னும் ஐந்து மாதம் அவன் அங்கே கிடந்தான். வந்து சேர்ந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான், பாதியாக இளைத்திருந்தான், ஷைனி தொட்டிலில் கிடந்தாள், ஜெசிந்தா பையில் கிடந்த விரிப்பை எடுத்துத் தொட்டில் கட்டியிருந்தாள், ஓரத்தில் கப்பல் சலவைக்கென்று போட்ட நீலக் கோடு, அதை விரலால் ஒரு தடவை தடவினான், நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் ஒன்றும் கேட்கவில்லை, உட்கார்ந்து தொட்டிலை ஆட்டினான், பிறகு ஞானஸ்நானத்தில் அவன்தான் ஷைனிக்கு ஞானத்தகப்பன்.

குளிக்கப் போகவில்லை, போனை எடுத்தேன், வீடியோவில் கஸ்பாரின் ஒரு மூக்கும் ஒரு கண்ணும் வருகிறது, அவனுக்குத் தெரிய வேண்டும் என்று அவ்வளவு பக்கத்தில் பிடித்திருக்கிறான், என்னல, மணப்பாட்டுல இருக்கியாமே, ஷைனி சொன்னா, என்றான். ஜெசிந்தா துவாலையோடு வந்து நின்றாள், அவளும் கேட்கட்டும் என்று விட்டு, சொல்லிவிட்டேன், ஏல கஸ்பார், அன்னைக்கு போலீஸ் இல்ல, வேன் நின்னுச்சு, பத்து நிமிஷம் இருந்துச்சு, நான்தான் வீசல. தெரியும்ல என்றான். எப்பிடித் தெரியும் என்றேன். பாத்துட்டுத்தான இருந்தேன், காலையிலருந்து பைனாகுலர எறக்கவே இல்ல, நீல வேன் நின்னுச்சு, நீ எறங்குன, சிவப்புக் குடை பக்கம் போயி முதுகக் காட்டிட்டு நின்ன, ஏறிப் போயிட்ட. ஏன்ல இத்தன வருஷம் கேக்கல என்றேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன், என்றான், அன்னைக்குக் கோவந்தான், பைனாகுலரத் தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பேன், கேப்டன் கொன்னுருவாரேன்னு விட்டேன், அப்புறம் போட்டும்னு இருந்துச்சு, நீ ஐஸ்கிரீம் தின்னேல்லா, லிஸ்டுல ஒண்ணாவது முடிஞ்சுதுல்லா, மூஞ்சியத்தான் பாக்க முடியல, பத்து நிமிஷமும் முதுகயே பாத்தேன், அது மட்டுந்தான் தாங்கல. பிறகு, அது என்ன ருசில, என்றான். எலுமிச்சை என்றேன், அழுதேன், ஜெசிந்தா முன்னால் அப்படி அழுததில்லை.

அந்தத் தொட்டில் துணியா, என்று ஜெசிந்தா கேட்டாள், தலையை ஆட்டினேன், வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போனாள், எங்கள் அறைக் கட்டிலிலிருந்து விடுதியின் வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு வந்து என் கையில் திணித்தாள், போனை வாங்கிக்கொண்டு, அண்ணே, இப்ப பாருங்க, என்று என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து ஒரு முறை வீசினேன். தெரியுதால, என்றேன். வெள்ளையா என்னமோ ஆடுது, போதும், என்று கஸ்பார் சொன்னான், எனக்கு எதுக்குல காட்டுற, கப்பல் எதுவும் நிக்குதா அங்க. ஒண்ணு நிக்கி, என்றேன். அப்ப அந்தப் பக்கம் திரும்புல, எவனாவது பாத்துட்டு இருப்பான், என்றான். கரையிலிருந்து பார்த்தால் கப்பல் ஒரு சின்னத் துருக்கட்டிதான், ஆள் இருப்பதே தெரியவில்லை, மணி எட்டரை தாண்டியிருக்கும், விரிப்பை முழுதாக விரித்து, கடலைப் பார்த்து நின்று, உதறினேன்.